513 ஸ்டிரைக்அவுட்: மேட் கில்ராயை ஏன் வாசலிலேயே நிறுத்திவைக்கிறார்கள்?

நியூஜெர்சி அப்பா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் மகள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள், பிட்சர், அதாவது பந்தெறிபவள். பள்ளியில் ஒரு அட்டை செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். "பேஸ்பாலில் ஒரு பருவத்தில் அதிக ஸ்டிரைக்அவுட் எடுத்த பிட்சர் யார்?" என்று கேட்டாள். நான் பெரிய ஆள் போல, "நோலன் ரயன், 1973, 383" என்றேன். அவள் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, ரயன் எட்டாவது இடத்தில் இருக்கிறார்" என்றாள்.

உண்மைதான். முதலிடத்தில் இருப்பவர் மேட் கில்ராய். 1886, பால்டிமோர், 513. அப்போது அவருக்கு வயது 20, பெரிய லீக்கில் அதுதான் முதல் வருடம். அடுத்து டோட் ராம்சே 499. அதற்கடுத்து ஹியூ டெய்லி 483, அவருக்கு ஒரு கைதான் என்று போட்டிருக்கிறது. இவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. தொலைக்காட்சி வர்ணனையில் எப்போதும் ரயன்தான் வருகிறார், "நவீன காலச் சாதனை" என்ற அடைமொழியோடு.

513-க்கும் 383-க்கும் நடுவே 130 இருக்கிறது. அதை "நவீன" என்ற ஒரே சொல்லால் துடைத்துவிட முடியுமா? கில்ராய்க்கு அநியாயம் நடக்கிறதா, அல்லது 513-இல் ஏதாவது தில்லுமுல்லு இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அட்டை வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

நூலகத்து எலி

தில்லுமுல்லு இல்லை. ஆனால் நீங்கள் ஒரே பெயர் கொண்ட இரண்டு ஆட்டங்களை ஒப்பிடுகிறீர்கள்.

1886-இல் பிட்சருக்கு இன்றைய மேடு கிடையாது, அதன்மேல் பதித்த ரப்பர் பலகையும் கிடையாது. சமதரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு கட்டம்தான். அதன் முன்கோடு பேட்ஸ்மேனின் தளத்திலிருந்து 50 அடி. கட்டத்துக்குள் இரண்டு எட்டு ஓடிவந்து, துள்ளி, முன்கோட்டருகே பந்தை விடலாம். இன்று தூரம் 60 அடி 6 அங்குலம், பின்காலைப் பலகையில் ஊன்றித்தான் எறிய வேண்டும்.

தவிர, கில்ராய் ஆடிய லீக்கில் அந்த வருடம் நான்கு 'பால்' (தவறான எறிதல்) ஆனால் 'வாக்' (பேட்ஸ்மேன் சும்மா முதல் தளத்துக்குப் போவது) கிடையாது, ஆறு ஆக வேண்டும். அதாவது ஐந்து முறை தவறாக எறிந்தாலும் பிட்சருக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

எலியார் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். இன்னிங்ஸ், அதாவது எதிரணியில் மூன்று பேரை அவுட் ஆக்கும் ஒரு சுற்று, ஆட்டத்துக்கு ஒன்பது.

கில்ராய் 1886-இல் எறிந்தது 583 இன்னிங்ஸ். 68 ஆட்டங்களில் இறங்கி 66-ஐத் தானே முடித்தார். ரயன் 1973-இல் எறிந்தது 326. இப்போது ஒரு பிட்சர் பருவத்துக்கு 200 இன்னிங்ஸ் எறிந்தாலே மாலை போடுகிறார்கள்.

ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். கில்ராய் 7.9. ராம்சே 7.6. டெய்லி 8.7. ரயன் 10.6. இன்றைய லீக் முழுவதையும் எடுத்தால், பெயர் தெரியாத பிட்சர்களையும் சேர்த்து, சராசரியே எட்டுக்கு மேல்தான் இருக்கும். ஆக, 513 பெரும்பாலும் உழைப்பின் எண்ணிக்கை. குறைத்துச் சொல்லவில்லை. வாரக்கூலியையும் மாதச் சம்பளத்தையும் ஒரே பத்தியில் கூட்டக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

இடக்கையன்

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் வகுத்தலில் ஒரு ஓட்டை இருக்கிறது. இன்றைய பேட்ஸ்மேன் ஸ்டிரைக்அவுட் ஆனால் தோளைக் குலுக்கிக்கொண்டு போகிறான். ஹோம் ரன்னுக்காக முழு வீச்சில் சுற்றுகிறான், பட்டால் பட்டது. அன்றைய பேட்ஸ்மேனுக்கு மூன்று ஸ்டிரைக்கில் போவது மானக்கேடு. எப்படியாவது தொட்டுத் தரையில் தள்ளிவிட்டு ஓடப் பார்ப்பான். அப்படிப்பட்டவர்களிடம் 7.9 என்றால் அது வேறு 7.9.

இன்னொன்று. அப்போது ஃபௌல் அடித்தால், அதாவது பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டினால், ஸ்டிரைக் கணக்கில் சேராது. பத்துப் பந்தை வெளியே தட்டிவிட்டாலும் எண்ணிக்கை அப்படியே நிற்கும். நேஷனல் லீக்கில் 1901-இலும், அமெரிக்கன் லீக்கில் 1903-இலும்தான் ஃபௌலை ஸ்டிரைக்காக எண்ணத் தொடங்கினார்கள். ரயன் எடுத்த ஸ்டிரைக்குகளில் எத்தனையோ ஃபௌலில் வந்தவை. கில்ராய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

அதோடு, 1886 வரை பேட்ஸ்மேன் வந்து நின்று "உயரமாகப் போடு" அல்லது "தாழ்வாகப் போடு" என்று அம்பயரிடம் சொல்லலாம். கேட்ட உயரத்தில் வந்தால்தான் ஸ்டிரைக். உணவகத்தில் உட்கார்ந்து, "தோசை முறுகலாக வேண்டும்" என்று சொல்வது மாதிரி. இதையும் மீறித்தான் அந்த 20 வயதுப் பையன் 513 பேரை அனுப்பிவைத்தான்.

கில்ராய் இடக்கை, நானும் இடக்கை. கட்சி சார்ந்து பேசுகிறேன் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

புதியவன்

மன்னிக்கவும், எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஸ்டிரைக்அவுட் என்றால் நம் போல்டு மாதிரியா?

நூலகத்து எலி

கிட்டத்தட்ட. பிட்சர் தன் கையாலேயே எடுக்கும் விக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டர் ஓட வேண்டியதில்லை. மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் அவுட்.

ஆனால் ஒரு திருகல் உண்டு. மூன்றாவது ஸ்டிரைக்கைக் கேட்சர் பிடித்தாக வேண்டும். நழுவவிட்டால் பேட்ஸ்மேன் முதல் தளத்துக்கு ஓடலாம். இன்று அது எப்போதாவது நடப்பது. அன்று கேட்சரின் கையில் விரல் நுனி வெட்டிய மெல்லிய தோலுறை, அவ்வளவுதான். முகக்கவசம் வந்தே பத்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மேலிருந்து வேகமாக வரும் பந்தை அந்தக் கையால் ஏந்த வேண்டும். 513 ஸ்டிரைக்அவுட்டுக்குப் பின்னால் பால்டிமோர் கேட்சர்களின் வீங்கிய விரல்கள் இருக்கின்றன. அவர்களுக்குப் பட்டியலே கிடையாது.

ஸ்கோர் புத்தகத்தில் ஸ்டிரைக்அவுட்டுக்கு ஆங்கிலத்தின் 'கே' எழுத்தைப் போடுவார்கள். அந்த முறையைக் கொண்டுவந்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதிவந்தவர், பிறகு பேஸ்பாலுக்கு மாறினார். தியாகத் தட்டலுக்கு (தான் அவுட்டாகி, தளத்தில் நிற்கும் கூட்டாளியை முன்னேற்றும் அடி) 'எஸ்' எழுத்தை ஒதுக்கிவிட்டதால், 'ஸ்டிரக்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டார். உங்கள் கிரிக்கெட்டுக்கும் இதற்கும் அந்த அளவில் பங்காளி உறவு உண்டு.

யாழ் வாசகி

இடக்கையன் அண்ணா உணர்ச்சிவசப்படுகிறார். பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ரயனுக்கு மேலே ஏழு பேர்: கில்ராய், ராம்சே, டெய்லி, டூபி ஷா 451, ராட்போர்ன் 441, பஃபின்டன் 417, கை ஹெக்கர் 385. முதல் இருவர் 1886. மற்ற ஐந்து பேரும் 1884.

ஐந்து பேரும் ஒரே வருடம்! அந்த ஒரு வருடத்தில் மட்டும் அமெரிக்காவில் எல்லாருக்கும் தோள் வலுத்துவிட்டதா? அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, நேஷனல் லீக் அந்த வருடம்தான் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி எறிய அனுமதித்தது. அதுவரை சட்டப்படி கையை உயர்த்தக் கூடாது, எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக ஏமாற்றி உயர்த்திக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு. இரண்டு, நேஷனல் லீக், அமெரிக்கன் அசோசியேஷன் இரண்டும் போதாதென்று யூனியன் அசோசியேஷன் என்று மூன்றாவதாக ஒன்று முளைத்தது. இருக்கிற ஆட்டக்காரர்களை மூன்று பந்தியில் பரிமாறினால் குழம்பு நீர்த்துத்தான் போகும்.

டெய்லியின் 483 முழுவதும் அந்த யூனியன் அசோசியேஷனில் எடுத்தது. ஒரே பருவத்தில் கடையைச் சாத்திய லீக் அது. அதைப் பெரிய லீக் என்று 1960-களின் இறுதியில் ஒரு குழு கூடி முடிவு செய்தது. அதே குழு, 1871-இல் தொடங்கிய முதல் தொழில்முறை லீக்கான நேஷனல் அசோசியேஷனைப் பெரிய லீக் அல்ல என்று தள்ளிவிட்டது. இந்த நீதி எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இடக்கையன்

டெய்லியைத் தொடாதீர்கள் அம்மா. இளவயதில் ஒரு விபத்தில் இடது கையை மணிக்கட்டோடு இழந்தவர். மொட்டைக் கையில் ஒரு திண்டைக் கட்டிக்கொண்டு, வரும் பந்தை அதில் தட்டி வலது கையால் பிடிப்பார். பேட்டும் பிடித்தார்! 1883-இல் நேஷனல் லீக்கிலேயே, கிளீவ்லாந்துக்காக, எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துத் தளம் சேர்வது) கொடுக்காமல் ஒரு ஆட்டத்தை முடித்தவர். அது நீர்த்த குழம்பு இல்லையே?

1884 ஜூலை 7 அன்று ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்டிரைக்அவுட் செய்தார். இருபதாவதும் உண்டு, கேட்சர் நழுவவிட்டதால் கணக்கில் வரவில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

யாழ் வாசகி

டெய்லி மீது எனக்கு மரியாதை உண்டு, 483 மீதுதான் சந்தேகம். இரண்டும் வேறு.

19 என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அதே வருடம் அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூன் 7 அன்று, பிராவிடன்ஸ் அணியின் சார்லி ஸ்வீனி பாஸ்டனுக்கு எதிராக 19 எடுத்தார். அது நேஷனல் லீக், யாரும் குறை சொல்ல முடியாது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அதைத் தாண்ட 102 வருடம் ஆயிற்று. 1986 ஏப்ரலில் ரோஜர் கிளெமென்ஸ் 20 எடுத்தார்.

நூலகத்து எலி

ஸ்வீனியின் கதையை அங்கேயே நிறுத்தலாமா? அந்த 19-க்கு ஆறு வாரம் கழித்து, ஜூலையில், ஆட்டத்தின் நடுவே மேலாளரோடு சண்டை போட்டுக்கொண்டு மைதானத்தை விட்டே போய்விட்டார். அணி அவரை நீக்கியது. மிச்சம் இருந்த ஒரே பெரிய பிட்சர் சார்லஸ் ராட்போர்ன். 'கிழட்டுக் குதிரை' என்று பட்டப்பெயர். அவருக்கும் நிர்வாகத்துக்கும் அப்போது ஆகவில்லை, தண்டனையில் இருந்தவர். அணியையே கலைத்துவிடலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், "நானே எறிகிறேன்" என்று வந்தார்.

பிறகு நடந்தது ஆட்டமல்ல, தவம். அந்தப் பருவத்தில் 678 இன்னிங்ஸ். 441 ஸ்டிரைக்அவுட். வெற்றிகள் 60, சில கணக்குகளில் 59. காலையில் கையைத் தலை வரை தூக்க முடியாமல் மற்றவர்கள் தலைவாரிவிட்டார்கள் என்று கதை சொல்வார்கள். பிராவிடன்ஸ் கோப்பையை வென்றது.

ஸ்வீனி யூனியன் அசோசியேஷனுக்குப் போனார். பத்து வருடம் கழித்து சான்பிரான்சிஸ்கோவில் ஒருவரைக் கொன்ற வழக்கில் சிறைக்குச் சென்றார். நாற்பது வயதை எட்டவில்லை.

கணக்குப்பிள்ளை

பழைய எண்களையும் வைக்கிறேன், ஒப்பிட உதவும். 1871, முதல் தொழில்முறைப் பருவம். அதிக ஸ்டிரைக்அவுட் எடுத்தவர் கிளீவ்லாந்தின் ஆல் பிராட். எத்தனை? 34. பருவம் முழுவதற்கும். இப்போது நல்ல பிட்சர் ஏப்ரல் மாதத்திலேயே அதை முடித்துவிடுவார்.

1876, நேஷனல் லீக்கின் முதல் வருடம். லூயிவில்லின் ஜிம் டெவ்லின் 122. அதற்கு அவர் எறிந்தது 622 இன்னிங்ஸ். கில்ராயைவிட அதிகம் எறிந்தும் நாலில் ஒரு பங்குதான். இத்தனைக்கும் அப்போது தூரம் 45 அடி, இன்னும் கிட்டே! கீழ்க்கை எறிதல் மட்டும் என்றால் கிட்டே நின்றும் பயன் இல்லை. ஆக, தூரம்தான் எல்லாம் என்று எலியார் சொன்னதை ஏற்கமாட்டேன். கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே பெரிய மாற்றம்.

டெவ்லின் அடுத்த வருடமே பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தோற்ற வழக்கில் மாட்டி, ஆயுள் தடை பெற்றார். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அலைந்தவர். கடைசியில் பிலடெல்பியாவில் போலீஸ்காரராக இருந்து, 1883-இல் காசநோயில் இறந்தார்.

கொத்தனார் மகன்

பல வருடமாக வாசிக்கிறேன், எழுதியதில்லை. டோட் ராம்சே பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

ராம்சே தொழிலால் கொத்தனார். செங்கல் வேலை செய்யும்போது கரண்டி பட்டு இடது கையில் ஒரு விரலின் தசைநாண் அறுந்துவிட்டது. அந்த விரலை நேராக நீட்ட முடியாது. பந்தைப் பிடித்தால் அந்த விரல் மடங்கி நுனியில்தான் நிற்கும். விடும்போது பந்து யாரும் பார்த்திராத வகையில் விழுந்தது. இன்று 'நக்கிள் கர்வ்' என்கிற பந்தின் ஆதி அதுதான் என்று எழுதுகிறார்கள்.

நிறைய பேர் இதைக் கட்டுக்கதை போலப் படிப்பார்கள். என் அப்பாவின் வலது ஆள்காட்டி விரல் அப்படித்தான் இருக்கும். கரண்டியின் விளிம்பு கலவையில் தேய்ந்து தேய்ந்து கத்தி மாதிரி ஆகிவிடும். ஒருநாள் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு தட்டும்போது வழுக்கியது. தையல் போட்டார்கள், விரல் மடங்கியே நின்றுவிட்டது. அதன்பின் அவர் டம்ளரைப் பிடிப்பதே வேறு மாதிரி. அந்த விரல் டம்ளரைத் தொடாது, முட்டி மட்டும் சாய்ந்திருக்கும். ராம்சேவின் கதையைப் படித்தபோது எனக்கு அந்த டம்ளர்தான் கண்முன் வந்தது.

இடக்கையன்

தம்பி, இத்தனை வருடம் எழுதாமல் இருந்தீர்களே!

ராம்சேவும் இடக்கைதான் என்பதைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். முதல் இரண்டு இடமும் இடக்கை.

நூலகத்து எலி

சரி, 1887-க்கு வருவோம். வழக்கின் தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிட்சர்கள் ஆட்டத்தை விழுங்கிவிட்டார்கள் என்று முதலாளிகள் பயந்தார்கள். ஒரே குளிர்காலத்தில் சட்டப் புத்தகத்தைத் தலைகீழாக்கினார்கள். ஸ்டிரைக்அவுட்டுக்கு மூன்று போதாது, நான்கு ஸ்டிரைக் வேண்டும். வாக்குக்கு ஐந்து பால் போதும். பேட்ஸ்மேன் உயரம் கேட்கும் வழக்கம் ஒழிந்தது, அது பிட்சருக்குக் கிடைத்த சிறு ஆறுதல். கட்டத்துக்குள் ஓடிவருவதும் ஒழிந்தது. பின்கோட்டில் ஒரு காலை வைத்துத்தான் தொடங்க வேண்டும், ஒரே எட்டுதான். வாக்கையும் ஹிட்டாக எண்ணினார்கள், அந்த ஒரு வருடம் மட்டும். செயின்ட் லூயிஸின் டிப் ஓ'நீலுக்கு .492 என்று பேட்டிங் சராசரி (ஒரு வாய்ப்புக்கு எத்தனை ஹிட்) போட்டுக் கொடுத்தார்கள். இப்போது வாக்கைக் கழித்து .435.

கில்ராய்க்கு என்ன ஆனது? 589 இன்னிங்ஸ், முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஸ்டிரைக்அவுட் 513-இலிருந்து 217. அதே கை, அதே ஊர், 21 வயது.

நான்கு ஸ்டிரைக் சட்டத்தை மறு வருடமே திரும்பப் பெற்றார்கள்.

கணக்குப்பிள்ளை

எலியார் பாதிதான் சொன்னார். 217-க்கு விழுந்த அதே வருடம் கில்ராய் ஜெயித்த ஆட்டங்கள் 46. இடக்கைப் பிட்சர் ஒரு பருவத்தில் இவ்வளவு ஜெயித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 513 எடுத்த 1886-இல்? 29 வெற்றி, 34 தோல்வி. பால்டிமோர் கடைசி இடம்.

513 ஸ்டிரைக்அவுட்டோடு 34 தோல்வி, 217 ஸ்டிரைக்அவுட்டோடு 46 வெற்றி. தணிக்கை செய்பவனாக இருந்தால் எந்த வருடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

ராம்சே 1887-இல் நான்கு ஸ்டிரைக் சட்டத்திலும் 355 எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தார். என்னைக் கேட்டால், இழை முழுவதிலும் பேசிய எண்களில் மிகக் கடினமானது இந்த 355-தான். கில்ராயைவிட அவரே நல்ல ஸ்டிரைக்அவுட் பிட்சர். இடக்கையன் ஆட்சேபிக்க மாட்டார், ராம்சேவும் அவர் கட்சிதானே.

இடக்கையன்

ஆட்சேபம் இல்லை. கொஞ்சம் வலிக்கிறது.

புதியவன்

ஒரு சோதனை செய்தேன், எழுதலாமா? 50 அடி, 60 அடி என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு மனத்தில் நிற்கவில்லை. எங்கள் தெருமுனைப் பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகளம் இருக்கிறது. ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. கிரீஸுக்குக் கிரீஸ் 58 அடி. அதாவது நம் வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடும் இடத்துக்கும் பேட்ஸ்மேனுக்கும் நடுவே ஏறக்குறைய 58.

பேட்ஸ்மேனின் கிரீஸிலிருந்து நாடா பிடித்து 50 அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். பந்துவீசும் கிரீஸிலிருந்து எட்டு அடி உள்ளே வந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பேட்டை எடுத்துக்கொண்டு நின்றேன். அக்கா மகன், கல்லூரி அணியில் ஃபீல்டர், அந்தக் கோட்டிலிருந்து டென்னிஸ் பந்தை எறிந்தான். குத்தாமல், நேராக.

முதல் பந்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் கம்பி வலையில் பட்ட சத்தம்தான் கேட்டது. பத்தில் இரண்டு தொட்டேன், அதிலும் ஒன்று என் கை. பிறகு பந்துவீசும் கிரீஸிலிருந்தே எறியச் சொன்னேன். பத்தில் ஐந்து. எட்டு அடிதான்!

நூலகத்து எலி

அருமை. நான் படித்த பல கட்டுரைகளைவிட உங்கள் சுண்ணாம்புக் கோடு மேல்.

1893-இல் நிஜமாகவே அதைத்தான் செய்தார்கள். கட்டத்தை எடுத்துவிட்டு 60 அடி 6 அங்குலத்தில் பலகை பதித்தார்கள். பத்தரை அடி கூடியதாக எல்லாரும் எழுதுவார்கள். அது சரியல்ல. பழைய 50 அடி முன்கோட்டுக்கு. 1887-க்குப் பின் கால் வைக்க வேண்டிய பின்கோடு ஐந்தரை அடி பின்னால், ஆக 55½. கூடியது ஐந்தடிதான்.

அந்த ஐந்தடி என்ன செய்தது பாருங்கள். சிகாகோவின் பில் ஹட்சின்சன் 1892-இல் முந்நூறுக்கு மேல் எடுத்து முதலிடம். 1893-இல் 80. இன்னிங்ஸும் குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன், 622-இலிருந்து 348. அப்படியும் விகிதம் பாதிக்குக் கீழே போய்விட்டது. அடுத்த வருடம் லீக் முழுவதின் பேட்டிங் சராசரியே .309.

தாக்குப்பிடித்தவர் நியூயார்க்கின் ஏமஸ் ரூசி. அவருடைய வேகத்துக்குப் பயந்துதான் தூரத்தைக் கூட்டினார்கள் என்றே ஒரு பேச்சு உண்டு. 1892-இல் முந்நூறை ஒட்டி எடுத்தவர், 1893-இல் 208. குறைந்தது, ஆனால் முதலிடம். 1894, 1895-லும் அவரே முதலிடம். "நவீன" என்று கோடு கிழிப்பவர்கள் பெரும்பாலும் 1901-இல் கிழிப்பார்கள். என்னிடம் சுண்ணாம்பைக் கொடுத்தால் 1893-இல் கிழிப்பேன். ரூசி கோட்டின் இரண்டு பக்கமும் நின்றவர்.

யாழ் வாசகி

இதில் நான் எலியார் பக்கம். கோடு தேவைதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் பெயரையே சொல்லாமல் விடுவதுதான் தவறு.

எண்ணியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1946-இல் பாப் ஃபெல்லர் 348 எடுத்தார். ரூப் வாடெல் 1904-இல் எடுத்ததாகப் புத்தகத்தில் இருந்தது 343. பருவத்தின் கடைசி நாட்களில் ஃபெல்லர் அந்த 343-ஐக் குறிவைத்தே எறிந்தார், தாண்டினார், கொண்டாடினார்கள். பழைய பத்திரிகைகளை எடுத்து ஆட்டம் ஆட்டமாக மறுபடியும் எண்ணிப் பார்த்தபோது வாடெல் 349. ஒன்றே ஒன்று! வாடெல் இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1904-க்கே இந்தக் கதி என்றால் 1886-இன் 513-ஐக் கல்வெட்டு மாதிரி படிக்காதீர்கள்.

நியூஜெர்சி அப்பா

எல்லாருக்கும் நன்றி. இழை முழுவதையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். டம்ளர் வந்த இடத்தில் அவள் தன் தண்ணீர்க் குவளையை எடுத்து, ஆள்காட்டி விரலை மடக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

அட்டையின் நடுவே பெரிய கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ரயன் 383, அந்தப் பக்கம் ஏழு பேர். கில்ராயின் பெயரில் 513-க்குப் பக்கத்திலேயே 217-ஐயும் எழுதியிருக்கிறாள். ராம்சேவின் 355-க்கு ஒரு நட்சத்திரம். டெய்லிக்கு ஒரு கை படம் வரைந்திருக்கிறாள், அது கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. பேனாவிலேயே எழுதிவிட்டாள், பென்சில் வேண்டும் என்று சொன்னால் கேட்டால்தானே. நாளை காலை பள்ளிக்குப் போகிறது.

கணக்குப்பிள்ளை

குழந்தைக்கு வாழ்த்து. ஒரே ஒரு சின்ன விஷயம். டூபி ஷாவின் 451 ஒரே லீக்கில் எடுத்தது அல்ல. 1884-இல் பாதிப் பருவம் டெட்ராய்ட்டுக்காக நேஷனல் லீக்கில் ஆடிவிட்டு, நடுவில் விட்டுவிட்டு பாஸ்டனின் யூனியன் அணிக்குப் போய்விட்டார். இரண்டையும் கூட்டித்தான் 451. லீக் வாரியாகப் பட்டியல் போட்டால் அவர் நான்காவது இடத்தில் வரமாட்டார். அட்டையில் எந்த முறைப்படி எழுதியிருக்கிறது?

நியூஜெர்சி அப்பா

ஐயா, அவள் தூங்கிவிட்டாள்.